விளையாட்டாய்ப் பிறக்கும் சொற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அமைந்த கடற்றுறை வல்வெட்டித்துறை. இந்த நெடும்பெயரை ஊரவர் முழுமையாக உச்சரிப்பது அரிது. கடிதத்திலும் செய்யுளிலும் அது வல்வை. அன்றாடப் பேச்சிலே ஆங்கில எழுத்து மூன்றைக் கோத்து வீவீரீ. முன்னதை மரூஉ என்று இலக்கணம் மனமுவந்து ஏற்றுக்கொள்ளும். பின்னதை எந்த இலக்கணத்தில் அடக்குவது என்று புலவர் தயங்கக்கூடும். ஆயினும் வீவீரீ என்று சொல்லி வழி கேட்டவருக்கு வடமராட்சியிலே வழி காட்ட எவரும் தயங்கியதில்லை.

ஊருக்குள்ளே புகுந்தால் இடப்பெயர்களும் இவ்வாறே பேச்சின் சாயலோடு விளங்குகின்றன. ரேவடி, மதவடி, ஆலடி, வேம்படி எனப் பல அடிகள். ரேவு என்றால் துறை. மதவு என்பது மதகு. துறை இருந்தது, மதகு இருந்தது, மரம் நின்றது. அவற்றின் அடியிலே மாலைப் பொழுதில் மனிதர் கூடினர். கூடினால் பேச்சு, பேச்சு நீண்டால் பகிடி. அந்தப் பகிடிக்கிடையேதான் புதுச் சொற்கள் பிறக்கின்றன.

அவை பிறக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. ஒருவர் ஏதோ ஒன்றைக் கண்டு ஒரு புதுப் பெயர் சொல்கிறார், கூட்டம் சிரிக்கிறது. இது வரையில் அது சொல்லன்று, வெறும் பகிடியே. மறுநாள் வேறொருவர் அதே பெயரைச் சிரிக்காமல் எடுத்தாள்கிறார். அப்பொழுது அருகில் நின்ற அயலவர் ஒருவர், “அதென்ன?” என்று வினவுகிறார். கூட்டத்தார் ஒருவரையொருவர் நோக்கிக் கொள்கின்றனர். அந்த நொடியிலேதான் சொல் பிறக்கிறது எனலாம். அறிந்தவர், அறியாதவர் என்று இரு கட்சி ஏற்பட்டாலன்றி இத்தகைய சொல்லுக்கு உயிர் இல்லை.

இதே வல்வெட்டித்துறையிலே சொற்களைத் தேடித் தொகுத்த பேரறிஞர் ஒருவரும் வாழ்ந்தார். இயற்றமிழ்ப் போதகாசிரியர் எனப் போற்றப்பட்ட ச. வைத்தியலிங்கபிள்ளை 1876ஆம் ஆண்டில் சிந்தாமணி நிகண்டு என்னும் நூலை இயற்றினார். அச்சும் அகராதியும் வந்துவிட்ட காலத்திலும் மாணவன் சொற்பொருளை மனனம் செய்து நாவிலே வைத்திருக்க வேண்டும் என்பது அக்காலத்து ஆசிரியரின் கொள்கை. அயலூராகிய உடுப்பிட்டியிலே பிறந்த கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த பெரிய அகராதியை அவர் மறைந்த பின் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 முதலாக மூன்று பாகங்களாக வெளியிட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தது. சொல் தொகுத்தலிலே இந்தச் சிறு நிலப்பரப்புக்கு இருந்த பற்று வியக்கத் தக்கது.

ஆனால் நிகண்டு செய்தவர் சொல்லைத் தேடியது ஏட்டிலே. யானைக்கும் கடலுக்கும் புலவர் வழங்கிய பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். ரேவடியில் பாய் தைத்துக்கொண்டிருந்தவர் தம் தோழருக்கு இட்ட பெயர் அங்கே நுழையாது. இதற்காக நிகண்டாசிரியரைக் குறை கூறுதல் பொருந்தாது. நிற்கும் சொல்லைத் தொகுப்பது அவர் கடன். நாளை நிற்குமோ நில்லாதோ என்று தெரியாத சொல்லைத் தொகுப்பது எவர் கடன் என்பது இன்றும் முடிவாகாத வினா.

நிகண்டு கதவை அடைத்தாலும் இலக்கணம் அடைத்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் செய்த நன்னூல், தகுதி வழக்கு என்பதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே ஒரு பொருளின் இயற்பெயரை ஒழித்து வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறி. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள் சுவையானவை. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர்.

முதல் இரண்டும் மறைப்பதற்கு எழுந்த சொற்கள் போலும். பொன்னைப் பற்றிப் பேசுகிறோம் என்பது வாயிலில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது அல்லவா? மூன்றாவதன் தன்மையே வேறு. சொல்விளம்பி என்றால் சொல்லை எடுத்து விளம்புவது. கள் உள்ளே சென்றால் உள்ளே இருந்தது வெளியே வரும், பேசாதவன் பேசுவான், பேசத் தகாததையும் பேசுவான். பானையிலுள்ள நீர்மப் பொருளை ஒரு வாயாடி மனிதனாக்கி அதற்கு ஒரு தொழிற்பெயரும் சூட்டிவிட்டான் பெயரறியா வேடன் ஒருவன். அவன் சிரித்துக்கொண்டே சொன்ன சொல் இலக்கண உரையிலே ஏறிவிட்டது. கள்ளுக்கு நிகண்டுகள் கூறும் பெயர்கள் எத்தனையோ உள. அவற்றுள் ஒன்றேனும் இத்துணைச் சிரிப்பை உள்ளடக்கியதன்று. இந்தச் சொல்லின் அமைப்பைக் கேட்போர் சற்று மனத்திலே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதன் உறவுச் சொல் ஒன்று வரவிருக்கிறது.

மறைத்துப் பேசும் ஆசை பாலப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகள் விளையாடும் ககரப் பேச்சை அறியாதார் இலர். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு ககரத்தைச் செருகினால் வீடு என்பது கவீகடு ஆகும். வாடா என்பது கவாகடா ஆகும். பெரியோர் முன்னிலையிலேயே மாங்காய் பறிக்கும் சதியைத் தீட்டிவிடலாம் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. அந்தப் பெரியோரும் ஒரு காலத்தில் அதே பேச்சிலே அதே சதியைத் தீட்டியவர்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

வல்வை மாந்தரின் காதிலே பிறமொழி ஓசைகள் ஓயாது விழுந்துகொண்டிருந்தன. அவ்வூர்ப் பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று மீண்டன. அங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையிலே சேர்த்தனர். இங்கே மாலுமி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அது ஆசிரியர் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு. வழியறிந்து கற்பிப்பவர் கப்பலோட்டி ஆனார். சுக்கான் என்பதும் அரபுக் கடலோடிகள் தந்ததே. துறைமுகத்துக் கொச்சையாகக் காதில் விழுந்த சொற்கள் இன்று பள்ளிப் பாடநூலிலே செந்தமிழ் போல வீற்றிருக்கின்றன. கொச்சை எது, செம்மை எது என்பதைக் காலம் அவ்வப்போது மாற்றி எழுதுகிறது.

கடலை விட்டுக் கல்லூரி வாயிலுக்கு வந்தால் அங்கே சொற்றொழிற்சாலை இரவு பகலாக இயங்குவதைக் காணலாம். யாழ்ப்பாணத்து மாணாக்கர் மூளை மிகுந்தவனை மண்டைக்காய் என்பர். பொய்யை அலங்கரித்துச் சொல்வது புலுடா விடுதல். ஒருவரோடு கூடித் திரிந்துவிட்டுச் சமயம் பார்த்து நழுவுவது காய்வெட்டுதல். கணக்கிலும் கைமாற்றிலும் செய்யும் கபடம் சுத்துமாத்து. மண்டைக்காய் என்ற சொல்லிலே புகழ் பாதி, பரிகாசம் பாதி. எந்தப் பாதி மேலோங்கும் என்பது பரீட்சை முடிவு வெளிவரும் நாளைப் பொறுத்தது.

இவற்றுள் தனிச் சிறப்புடையது பகிடிவதை என்னும் சொல். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருவோரை மூத்த மாணவர் வருத்தும் வழக்கத்தை ஆங்கிலத்திலே றாகிங் என்பர். இலங்கைத் தமிழர் அதற்குப் பகிடியையும் வதையையும் ஒட்டவைத்து ஒரு சொல் செய்தனர். செய்பவனுக்குப் பகிடி, படுபவனுக்கு வதை. ஆங்கிலச் சொல்லில் இல்லாத இந்த இரு நோக்கும் தமிழ்ச் சொல்லில் ஒருங்கே அமைந்தன. இலங்கைப் பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. அந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழிலே பேசுவோர் இன்று இச்சொல்லையே ஆள்கின்றனர். மாணவர் வாயிலே பழகிய பகிடி என்னும் சொல் நீதிமன்றத்தின் வாயிலையும் கடந்துவிட்டது.

இங்கிலாந்திலே லூயிஸ் கரோல் என்பார் 1871இல் வெளியிட்ட சிறுவர் நூலில், பொருளற்ற சொற்களாலேயே ஒரு பாடல் புனைந்து, அவற்றுள் சிலவற்றுக்கு ஒரு பாத்திரத்தின் வாயால் உரையும் கூறுவித்தார். அவர் விளையாட்டாகச் செய்த சொற்களுள் சோட்டில் என்பது நிலைத்து ஆங்கில அகராதியில் ஏறியது. கனைப்பும் சிரிப்பும் கலந்த ஒலிக்கு அது பெயர். ஏனையவற்றுட் பெரும்பாலானவை அந்தப் பாடலோடு நின்றுவிட்டன. சொல்லைச் செய்வது ஒருவர் வேலை. வைத்துக்கொள்வது ஊரார் வேலை. இலங்கையிலே அரசாங்கம் குழுக்களை அமைத்துக் கலைச்சொற்களை ஆக்குவித்தபோது ஒட்சிசனும் ஐதரசனும் பாடநூலின் வழியே வந்தன. அவற்றை மாணாக்கர் கற்றே ஆக வேண்டியிருந்தது. பகிடிவதையைக் கற்பிக்க எந்தப் பாடநூலும் வேண்டியிருக்கவில்லை.

இனி, சிரிப்பு மறுபுறம் திரும்பும் இடத்தையும் கூறாமல் விடலாகாது. தைப்பொங்கல் நாளிலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டி நாடறிந்தது. கொக்கும் பிராந்தும் எட்டுமூலையும் வானில் ஏறும். வில்லிலே இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர, விண் கூவும். முச்சை சரியாக அமைந்தால் பட்டம் நிமிர்ந்து நிற்கும். முச்சை பிழைத்தால் தலைகீழாகக் குத்தும்.

பட்டம் என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அரசன் சூடுவதும் பட்டம். பல்கலைக்கழகம் அளிப்பதும் பட்டம். ஊர் இளைஞர் மதவடியில் இருந்து சூட்டுவதும் பட்டம். மூன்றாவதைச் சூட்டப்பெற்றவர் வீதியால் செல்லும்போது மறைவில் நின்று அப்பெயரைக் கூவுதலைப் பட்டம் தெளித்தல் என்பர். தெளித்தல் என்ற வினையைத் தேர்ந்தவர் எவரோ, நன்கு தேர்ந்தார். நீரைத் தெளித்தால் இன்ன இடத்திலிருந்து வந்தது என்று உடனே காண முடியாது. நனைந்தவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

பட்டப் பெயர் பெரும்பாலும் ஒருவரின் நடையிலோ, உடலிலோ, என்றோ ஒருநாள் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையிலோ பிறக்கிறது. அது பிறந்த நாளின் சிரிப்பு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும், பெயர் ஓயாது. தந்தை பெற்ற பட்டம் மகனுக்கும் சேரும். காரணம் மறந்த பின்னும் பெயர் நிற்கும். அப்பெயரால் அழைக்கப்பட்டவர் அதை ஏற்றுக்கொண்டு தாமே சிரித்தால் கூவுதல் நின்றுவிடும் என்று மூத்தோர் புத்தி சொல்வதுண்டு. சொல்வது எளிது. உடலின் குறையைச் சுட்டிய பெயரைக் கேட்டுச் சிரிக்கும்படி அதை உடையவனிடம் எதிர்பார்ப்பது கூவுவோர்க்கு மட்டுமே வசதியானது. குழூஉக்குறி கூட்டத்தார்க்கு வேலியாக அமைகிறது. வேலிக்கு வெளியே தனியாக நிற்பவனுக்கு அதே குறி முள்ளாகவே தைக்கிறது.

ஆனால் ஊர் முழுவதும் ஒரே கூட்டமாகி, அஞ்சத் தக்கது வானத்திலே வந்தபோது இதே வழக்கம் வேறொரு தொழில் செய்தது. அஞ்சுவதற்குப் பெயர் மாற்றிச் சொல்லுதல் தமிழர்க்குப் பழைய பழக்கம். அம்மை நோயை அம்மாள் வருத்தம் என்பர். முத்துமாரியம்மனைப் போற்றும் ஊரிலே அது பணிந்து இட்ட பெயர். போர்க்காலத்திலே யாழ்ப்பாண மக்கள் விமானங்களுக்கு இட்ட பெயர்களில் அந்தப் பணிவு இல்லை. பேரிரைச்சலோடு மெல்ல ஊர்ந்து வந்து குண்டு தள்ளிய பருத்த சுமைவிமானத்துக்குச் சகடை என்று பெயரிட்டனர். சகடு, சகடம், சகடை என்பன வண்டியைக் குறிக்கும் பழஞ்சொற்கள். வானிலே வந்த யமனை மாட்டு வண்டியாக்கிவிட்டனர். பின்னாளில் ஆளில்லாது வானில் வட்டமிட்டு முரன்ற வேவு விமானம் வண்டு ஆயிற்று.

வேவு பார்க்க வந்த சிறு விமானத்துக்கு இட்ட பெயரோ கோள்மூட்டி. அது சுடாது, குண்டு போடாது. வந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். சற்று நேரத்தில் குண்டுபொழியும் விமானம் வந்து சேரும். அயல்வீட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டுப் போய்ப் பெரியவரிடம் சொல்லி அடி வாங்கித் தருபவனைக் கோள்மூட்டி என்று ஊரில் வைவார்கள். அதே வசையை மக்கள் விமானத்தின் மேல் எறிந்தனர். வேடனின் சொல்விளம்பியும் யாழ்ப்பாணத்தவரின் கோள்மூட்டியும் அமைப்பால் உடன்பிறந்த சொற்கள். இரண்டிலும் உயிரற்ற பொருள் ஒரு வாயாடியாகிறது. முதலாவது தன்னை உண்டவனின் உள்ளத்தை வெளியிடுகிறது. இரண்டாவது தன்னைக் கண்டு ஒளிந்தவனின் இருப்பிடத்தை வெளியிடுகிறது. நன்னூல் உரைகாரர் இக்காலத்தில் இருந்திருப்பின் தம் உதாரண வரிசையில் நான்காவதாக இதனைச் சேர்த்திருப்பார் என்று எண்ண இடமுண்டு.

இச்சொற்கள் வெறும் நகைச்சுவை அல்ல. பதுங்குகுழியை நோக்கி ஓட வேண்டுமா, அடுப்பில் உள்ளதை இறக்கி வைக்க அவகாசம் உண்டா என்பதை ஒரே சொல்லால் வீட்டாருக்கு உணர்த்த வேண்டியிருந்தது. “சகடை” என்று முற்றத்தில் ஒருவர் கூவினால் அதன் பொருளை விளக்க நேரமில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் அது தெரிந்திருந்தது. 1990களிலே பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காது, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. மின்கலம் இல்லாமையால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டனர். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளிலும் சொல் செய்யும் தொழில் நிற்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். பயத்துக்கு ஒரு பரிகாசப் பெயர் கிடைத்துவிட்டால் பயம் குறைந்துவிடுவதில்லை; ஆயினும் அதனைப் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கிறது.

ஊரை விட்டுப் பெயர்ந்தோரும் இந்தத் தொழிலை உடன் கொண்டு சென்றனர். படத்தை மாற்றி ஒட்டிய கடவுச்சீட்டுக்குத் தலைமாற்று என்று பெயர். வெட்டுண்ட தலைக்கு வேறு தலை பொருத்திய புராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இச்சொல் எளிதில் வந்திருக்கும். மரத்தில் தொங்கிய மட்டை, வங்கி அட்டையைக் குறிப்பதாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. சொல்லுக்கு உரிய பொருள் போய்விட்டால் சொல்லும் தளர்ந்துவிடும். பாய்க்கப்பல் தொழில் ஓய்ந்தபின் தண்டையல் என்ற சொல்லை ரேவடியிலே கேட்பது அரிதாயிற்று. கப்பலைச் செலுத்திய தலைவருக்கு ஊரவர் வழங்கிய பெயர் அது. சகடையும் கோள்மூட்டியும் அவ்வழியே செல்லத் தொடங்கிவிட்டன. அவை திரும்பி வழங்க வேண்டும் என்று எவரும் விரும்பார். ஆனால் அவற்றின் பொருள் எழுதப்படாமல் போவது வேறு. ஏட்டுச் சொல்லுக்கு 1876இல் ஒரு வைத்தியலிங்கபிள்ளை இருந்தார். முற்றத்துச் சொல்லுக்கு அதனைக் கூவியவர்களின் நினைவே நிகண்டு. அந்த நினைவுகளோ ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருகின்றன.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வளரும் பேத்தி ஒருத்தி, தம்பியைப் பற்றி முறையிட வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். “கோள்மூட்டி மாதிரிச் சுத்தாதை பிள்ளை” என்கிறார் அம்மம்மா. “கோள்மூட்டி எண்டால் என்ன அம்மம்மா?” என்று குழந்தை கேட்கிறது. அம்மம்மா முதலில் சிரிக்கிறார்; அடுத்தவரைப் பற்றிப் போய்ச் சொல்லிக் கொடுக்கிற ஆள் என்று பொருள் கூறுகிறார். குழந்தை போய்விடுகிறது. அச்சொல்லின் இரண்டாவது பொருளை இன்று சொல்வதா, இன்னும் சில ஆண்டு கழித்துச் சொல்வதா என்று அம்மம்மா யன்னலூடாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.